ஜிபிஎஸ் ரிசீவர் எப்படி வேலை செய்யுது? உங்க ப்ராஜெக்ட்டுக்கு எதை வாங்கலாம்?



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. காலேஜ் பஸ் ட்ராக்கர், ட்ரோன், விவசாய ரோபோ, பைக் திருட்டு அலாரம் என்று எந்த டீமைக் கேட்டாலும் பார்ட்ஸ் லிஸ்ட்டில் ஒரு ஜிபிஎஸ் மாட்யூல் இருக்கும். பெரும்பாலும் அது யூ-பிளாக்ஸ் நியோ-6எம் தான். ஏன் அதுன்னு கேட்டா, "சீனியர்ஸ் அதைத்தான் போட்டாங்க" என்று பதில் வரும். அப்புறம் லேபில் மாட்டிப் பார்த்தால் ஃபிக்ஸ் வராது. மாட்யூல் போயிடுச்சுன்னு இன்னொன்று ஆர்டர் போடுவாங்க. அதிலும் வராது. கடைசியில் வைவாவில் எக்ஸ்டர்னல், "உங்க பஸ் எங்க நிக்குதுன்னு சாட்டிலைட்டுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டால் டீமே ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும்.

ரிசீவருக்குள் என்ன நடக்குதுன்னு புரிஞ்சா, இந்த மூன்று பிரச்சினைக்கும் விடை கிடைத்துவிடும். டேட்டாஷீட்டில் போட்டிருக்கும் "2.5 மீட்டர்" என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாட்டிலைட்டுக்கு உங்களைத் தெரியாது

எக்ஸ்டர்னல் கேட்ட கேள்விக்குச் சரியான பதில்: "தெரியாது சார்." ஜிபிஎஸ் சாட்டிலைட் ஒரு ரேடியோ ஸ்டேஷன் மாதிரி. அது பாட்டுக்கு ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்க ரிசீவர் கேட்கும் வேலையை மட்டும் செய்கிறது, எதையும் திருப்பி அனுப்புவதில்லை. அதனால்தான் ஒரே நேரத்தில் எத்தனை கோடிப் பேர் பயன்படுத்தினாலும் சிஸ்டம் திணறுவதில்லை.

இடத்தைக் கண்டுபிடிக்க சிம்மும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். பஸ் இருக்கும் இடத்தை சர்வருக்கு அனுப்புவது நீங்க தனியாகப் போடும் ஜிஎஸ்எம் மாட்யூலின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே வைவாவில் பாதி தப்பிச்சிடலாம்.

ஊர்ச் சங்கு கணக்கு

கேட்பதை மட்டும் வைத்து இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நகராட்சிச் சங்கை எடுத்துக்குவோம். நேர்கோடாகப் போகும் ஒரு ரோடு. இந்த முனையில் ஓர் ஊர், அந்த முனையில் ஓர் ஊர். நடுவில் தூரம் 6.8 கி.மீ. இரண்டு ஊரிலும் சரியாக ஒன்பது மணிக்குச் சங்கு ஊதுவார்கள். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே ஒரு ஊர்ச் சத்தம் அடுத்த ஊரைத் தொட 20 நொடி ஆகும்.

நீங்க நடுவில் எங்கேயோ நிற்கிறீங்க. உங்க வாட்ச்படி முதல் ஊர்ச் சங்கு 9 மணி 11 நொடிக்குக் கேட்டது. இரண்டாவது ஊர்ச் சங்கு 9 மணி 15 நொடிக்குக் கேட்டது. இரண்டையும் கூட்டினால் 26 நொடி. ஆனால் நீங்க ரோட்டில் எங்கே நின்றாலும் கூட்டுத்தொகை 20 தானே வரணும்? அந்த 6 நொடி எங்கிருந்து வந்தது?

உங்க வாட்ச்தான் காரணம். அது 3 நொடி வேகமாக ஓடுது. இரண்டு அளவிலும் அதே 3 நொடி சேர்ந்துவிட்டது. அதைக் கழித்தால் 8 நொடி, 12 நொடி. அதாவது முதல் ஊரிலிருந்து 2.72 கி.மீ., இரண்டாவது ஊரிலிருந்து 4.08 கி.மீ. கூட்டினால் 6.8. கணக்கு சரி.

இங்கே நீங்க கண்டுபிடித்தது இரண்டு விஷயம்: உங்க இடம், உங்க வாட்சின் பிழை. தெரியாத எண்கள் இரண்டு என்பதால் சங்கும் இரண்டு தேவைப்பட்டது. ஜிபிஎஸ்ஸின் அடிப்படை இதுதான். நிஜ உலகில் இடத்துக்கு மூன்று எண்கள், வாட்ச் பிழைக்கு ஒன்று, ஆக நான்கு. அதனால்தான் குறைந்தது நான்கு சாட்டிலைட் வேண்டும் என்கிறோம். "மூன்று போதுமே, முக்கோண முறைதானே?" என்று யாராவது சொன்னால், இந்தச் சங்குக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

ஒலிக்குப் பதில் ஒளி

இப்போ சங்கை 20,200 கி.மீ. உயரத்துக்குத் தூக்குவோம். சாட்டிலைட் நொடிக்கு ஏறக்குறைய 3.9 கி.மீ. வேகத்தில் பூமியை நாளுக்கு இரண்டு முறை சுற்றுகிறது. அதன் சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால் நம்மை அடைய 67 மில்லிநொடியாவது ஆகும். இங்கே வாட்ச் ஒரு மைக்ரோநொடி தவறினால் 300 மீட்டர் பிழை. ஒரு நானோநொடி தவறினால் 30 செ.மீ.

அதனால் ஒவ்வொரு சாட்டிலைட்டிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நம்ம மாட்யூலில் இருப்பது சாதாரண கிரிஸ்டல்தான். நான்காவது சாட்டிலைட் அதன் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவதால், விலை குறைந்த கிரிஸ்டலே போதும். ரிசீவர் கைக்குள் அடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஐன்ஸ்டீனும் இங்கே வருகிறார். ஈர்ப்பு விசை குறைவான உயரத்தில் இருப்பதால் அந்தக் கடிகாரங்கள் நாளுக்கு சுமார் 45 மைக்ரோநொடி வேகமாக ஓடும். வேகமாகச் சுற்றுவதால் சுமார் 7 மைக்ரோநொடி மெதுவாக ஓடும். மிச்சம் 38 மைக்ரோநொடி. அந்த நேரத்தில் ஒளி 11 கி.மீ.க்கு மேல் போய்விடும். அதனால் ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தின் அதிர்வெண்ணைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறார்கள்.

லேபில் ஏன் ஃபிக்ஸ் வரல?

தரையில் வந்து சேரும் சிக்னலின் பலம் சுமார் -130 டிபிஎம். அதாவது ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. ஆன்டெனாவில் இயல்பாக இருக்கும் இரைச்சல் இதைவிட ஐம்பதிலிருந்து நூறு மடங்கு அதிகம். ஸ்பெக்ட்ரம் அனலைஸரில் பார்த்தால் சிக்னல் கண்ணுக்கே தெரியாது.

பிறகு எப்படிப் பிடிக்கிறது? ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் 1023 சிப் நீளமுள்ள தனிக் கோடு உண்டு. அது ஒரு மில்லிநொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். ரிசீவர் அதே கோடைத் தனக்குள் உருவாக்கி, நகர்த்தி நகர்த்தி, வரும் சிக்னலோடு பெருக்கிக் கூட்டிப் பார்க்கும். சரியாகப் பொருந்தும் இடத்தில் மட்டும் கூட்டுத்தொகை திடீரென உயரும். நம்ம சிக்னல்ஸ் பேப்பரில் படிச்ச கோரிலேஷன்தான். கல்யாண வீட்டுச் சத்தத்திலும் யாராவது நம்ம பேரைச் சொன்னால் காதில் விழுதே, அது மாதிரி. சாட்டிலைட் நகர்வதால் டாப்ளரும் இருக்கும். அதனால் கோடின் நிலை, அதிர்வெண் இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும்.

தேடிப் பிடித்தபின் சாட்டிலைட் தன் பாதை விவரத்தைச் சொல்லணும். அதன் டேட்டா வேகம் நொடிக்கு வெறும் 50 பிட். தேவையான விவரம் முழுசாக ஒரு சுற்று வர 30 நொடி. நடுவில் சிக்னல் விட்டுப்போனால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கணும். உங்க போன் சில நொடியில் இடத்தைக் காட்டுவதற்குக் காரணம், இந்த விவரத்தை அது மொபைல் நெட்வொர்க் வழியாக முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. மாட்யூலுக்கு அந்த வசதி இல்லை. போனைவிட மெதுவாக இருப்பதால் அது பழுது என்று முடிவு கட்டாதீங்க.

டேட்டாஷீட்டில் இன்னொரு எண் இருக்கு. நியோ-6எம் ஏற்கெனவே பிடித்த சிக்னலை -161 டிபிஎம் வரை விடாமல் தொடரும். ஆனால் புதிதாகத் தொடங்கும்போது -147 டிபிஎம்முக்குக் குறைந்தால் பிடிக்காது. ஆகவே கான்கிரீட் கட்டடத்துக்குள் ஆன் செய்துவிட்டு மணிக்கணக்காகக் காத்திருப்பது வீண். மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்க. பீங்கான் ஆன்டெனாவின் முகம் வானத்தைப் பார்க்கட்டும். இரண்டு மூன்று நிமிடம் அசைக்காமல் வைங்க. பெரும்பாலான போர்டுகளில் ஃபிக்ஸ் கிடைத்ததும் எல்இடி நொடிக்கு ஒரு முறை மின்னத் தொடங்கும். அதன் பிறகு ஜன்னல் ஓரம் கொண்டு வந்தாலும் ஓரளவு தாங்கும்.

பிழை எங்கிருந்து வருது?

முதல் எதிரி அயனி மண்டலம். அதைத் தாண்டும்போது சிக்னல் தாமதமாகும். சில மீட்டரிலிருந்து பத்து மீட்டருக்கு மேலும் பிழை வரலாம். நமக்கு இது கூடுதல் பிரச்சினை, ஏன்னா பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் முதல் ராக்கெட்டை ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுதான் காரணம். இந்தப் பகுதியில் அயனி மண்டலத்தின் ஆட்டம் அதிகம். சில நாட்களில் சூரியன் மறைந்த பிறகு சிக்னல் நடுங்குவதும் உண்டு.

ஒரே அதிர்வெண்ணைக் கேட்கும் ரிசீவர் ஒரு மாடலை வைத்து இதை உத்தேசமாகக் கழிக்கும். ஏறக்குறைய பாதிப் பிழை போகும். இரண்டு அதிர்வெண்ணைக் கேட்கும் ரிசீவர் தாமதத்தை நேரடியாகவே அளந்துவிடும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸையும் எல்5 எனப்படும் 1176.45 மெகாஹெர்ட்ஸையும் ஒப்பிட்டாலே போதும்.

இரண்டாவது எதிரி கட்டடங்கள். சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து வந்தால் தூரம் கூடியது போலத் தெரியும். மூன்றாவது, சாட்டிலைட்டுகளின் அமைப்பு. எல்லாம் வானத்தின் ஒரே பக்கம் கூடி நின்றால் சின்னப் பிழையும் பெரிதாகும். இதைத்தான் ஹெச்டாப் என்ற எண் சொல்கிறது. அது சின்னதாக இருந்தால் நல்லது. இன்னொன்று, சாட்டிலைட்டுகள் எப்போதும் நமக்கு மேலேதான் இருக்கும், காலுக்குக் கீழே இருக்காது. அதனால் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைவிடப் பொதுவாக அதிகம்.

"2.5 மீட்டர்" என்றால் என்ன?

நியோ-6எம் டேட்டாஷீட்டின் அடிக்குறிப்பைப் படிங்க. -130 டிபிஎம் சிக்னல், 24 மணி நேரம் அசையாத ரிசீவர், 50 சதவீதம். அதாவது நல்ல சிக்னலில், நகராமல் நிற்கும்போது, பாதி அளவுகள் 2.5 மீட்டர் வட்டத்துக்குள் விழும். மிச்சப் பாதி வெளியே விழும்! பிழைகள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவினால், 95 சதவீதம் அடங்க வட்டத்தை 5 மீட்டருக்கு மேல் பெரிதாக்க வேண்டும். தி.நகர் மாதிரி நெருக்கமான தெருவில் இன்னும் மோசமாகும்.

இது வெறும் பரீட்சைக் கேள்வி இல்லை. ஒரு டீம் இந்த மாட்யூலை வைத்து "நில அளவைக் கருவி" செய்தால் என்ன ஆகும்? 15 மீட்டர் நீளமுள்ள மனையின் ஒரு பக்கத்தை 2.5 மீட்டர் தள்ளிக் குறித்தால் 37.5 சதுர மீட்டர் மாறிப்போகும். ஒரு சென்ட் என்பதே 40.47 சதுர மீட்டர்தான். கிட்டத்தட்ட ஒரு சென்ட் நிலம் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும், அல்லது அவருடையது நமக்கு வந்துவிடும். கோர்ட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தக்கூடிய பிழை இது. அதே 2.5 மீட்டர், பஸ் எந்த ஸ்டாப்பைத் தாண்டியது என்று பார்க்க தாராளமாகப் போதும்.

ஆகவே வாங்கும் முன் மாட்யூலின் பெயரைக் கேட்காதீங்க. இரண்டு கேள்வி கேளுங்க: என் வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும்? என் ஆன்டெனாவுக்கு எவ்வளவு வானம் தெரியும்?

எதுக்கு எது?

பஸ், பைக் ட்ராக்கர்: பத்து மீட்டர் பிழை பரவாயில்லை. நியோ-6எம் போதும். ஆனால் அது பழைய தலைமுறை, அமெரிக்காவின் ஜிபிஎஸ்ஸை மட்டுமே கேட்கும். கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றில் சிலவற்றையும் சேர்த்துக் கேட்கும் நியோ-எம்8என் போன்றதை வாங்குங்க. கட்டடங்களுக்கு நடுவே பாதி வானம் மறைந்தாலும் மிச்சப் பாதியில் போதுமான சாட்டிலைட் இருக்கும். பஸ்ஸின் இரும்புக் கூரைக்குக் கீழே எந்த மாட்யூலும் தடுமாறும். முன் கண்ணாடி ஓரம் வைங்க, அல்லது கூரை மேல் ஒட்டும் காந்த ஆன்டெனா போடுங்க.

ட்ரோன்: நொடிக்கு ஒரு அளவு போதாது. நொடிக்கு 5 முதல் 10 அளவு தரும், பல நாட்டு சாட்டிலைட்டுகளைக் கேட்கும் மாட்யூலை எடுங்க. காம்பஸ் சேர்ந்து வந்தால் வசதி. மோட்டார் வயர், வீடியோ ட்ரான்ஸ்மிட்டர் இரண்டிலிருந்தும் தள்ளி, சின்னக் கம்பத்தின் மேல் வைப்பது முக்கியம்.

விவசாய ரோபோ, நில அளவை: செ.மீ. கணக்கு வேண்டும். அதற்கு ஆர்டிகே முறை. சாதாரண ரிசீவர் கோடை அளக்கிறது. அதன் ஒரு சிப் 293 மீட்டர் நீளம். ஆர்டிகே ரிசீவர் கேரியர் அலையையே அளக்கிறது. அதன் நீளம் 19 செ.மீ. மட்டுமே. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு பேஸ் ஸ்டேஷன் திருத்தங்களை அனுப்ப, நகரும் ரிசீவர் அதைப் பயன்படுத்தும். யூ-பிளாக்ஸ் ஜெட்-எஃப்9பி இந்த வகை. விலை நியோ-6எம் மாதிரி சில நூறு ரூபாய் இல்லை, பல ஆயிரம். இரண்டு அதிர்வெண் ஆன்டெனாவும் வேண்டும். திருத்தங்களுக்கு சர்வே ஆஃப் இந்தியாவின் கோர்ஸ் நெட்வொர்க்கும் இருக்கு. இதற்கெல்லாம் பட்ஜெட் இல்லையென்றால் ப்ராஜெக்ட் தலைப்பில் "துல்லிய" என்ற சொல்லைச் சேர்க்காதீங்க.

மலை ஏற்றம், கடல்: இங்கே துல்லியத்தைவிட பேட்டரி, தண்ணீர் புகாமை, வெயிலில் படிக்க முடியும் திரை ஆகியவை பெரிசு. மேப்பை முன்கூட்டியே டவுன்லோடு செய்தால் டவர் இல்லாத இடத்திலும் போன் வழி காட்டும். ஆனால் மழையில் ஈரக்கையுடன் டச் ஸ்கிரீனைத் தேய்ப்பது கஷ்டம். பென்டார்ச் செல் போட்டு ஓடும் கையடக்க ரிசீவர்கள் இன்னும் விற்பனையில் இருப்பது இதனால்தான். பாக் ஜலசந்தியில் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் மீன்பிடிக்கும் படகுக்கு 2 மீட்டரா 5 மீட்டரா என்பது விஷயமே இல்லை. நடு ராத்திரியில் கருவி அணையாமல் இருக்கிறதா என்பதுதான் விஷயம்.

"நாவிக் சப்போர்ட்" என்று போட்டிருந்தால் எந்த அதிர்வெண் என்று பாருங்க. நம்ம நாவிக் முதலில் எல்5, எஸ் பேண்டுகளில் மட்டுமே ஒலிபரப்பியது. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 முதல்தான் எல்1-உம் சேர்ந்தது.

வாங்கின பிறகு

மாட்யூல் தரும் அட்சரேகை சாதாரண தசம எண் இல்லை. 1304.962 என்று வந்தால் 13 டிகிரி, 4.962 நிமிடம் என்று அர்த்தம். நிமிடத்தை 60-ஆல் வகுத்துச் சேர்த்தால் 13.0827. தீர்க்கரேகை 08016.242 என்றால் 80.2707. இதைச் செய்யாமல் புள்ளியை மட்டும் நகர்த்தி 13.04962, 80.16242 என்று போட்டால், சென்ட்ரல் பக்கம் நிற்கும் பஸ்ஸை மேப் போரூர் பக்கம் காட்டும். 12 கி.மீ. பிழை! மாட்யூல் மேல் எந்தத் தப்பும் இல்லை.

ஆர்டுயினோ யூனோவின் 5 வோல்ட் சிக்னலை மாட்யூலின் ரிசீவ் பின்னுக்கு நேராகக் கொடுக்காதீங்க, நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு 3.3 வோல்ட்டாகக் குறைங்க. வேகம் வேண்டுமானால், இரண்டு இடங்களின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடாமல் மாட்யூல் தரும் வேகத்தையே எடுங்க. அது டாப்ளரிலிருந்து வருவதால் நன்றாக இருக்கும். பலூன் பறக்கவிடும் டீமுக்கு ஒரு எச்சரிக்கை: நியோ-6எம் இயல்பான செட்டிங்கில் 12 கி.மீ. உயரம் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பறக்கவிடும் முன் ஏர்போர்ன் மோடுக்கு மாற்றணும்.

செய்து பாருங்க

இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு சோதனை. மாட்யூலை ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடுவில் வைத்து ஒரு மணி நேரம் டேட்டாவை லாக் செய்யுங்க. நொடிக்கு ஒன்று என்றால் 3600 புள்ளிகள். சராசரியை மையமாக வைத்து 2.5 மீட்டர் வட்டம் வரைந்து, உள்ளே எத்தனை விழுந்தது என்று எண்ணுங்க. அடுத்து அதே மாட்யூலை இரண்டு பிளாக்குகளுக்கு நடுவில் தரையில் வைத்து இன்னொரு மணி நேரம். ஆண்ட்ராய்டு போனில் ஜிபிஎஸ்டெஸ்ட் ஆப்பைத் திறந்து, இரண்டு இடத்திலும் எத்தனை சாட்டிலைட், எவ்வளவு சிக்னல் என்றும் குறிச்சுக்கோங்க.

அந்த இரண்டு படத்தையும் ரிப்போர்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் போடுங்க. "ஏன் இந்த மாட்யூல்?" என்று எக்ஸ்டர்னல் கேட்கும்போது, சீனியர் பேரைச் சொல்லாமல் இந்தப் படத்தைக் காட்டி, உங்க வேலை எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று சொல்லுங்க. இரண்டாவது வட்டத்தில் எத்தனை சதவீதம் விழுந்தது என்று எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் எல்லா ஹாஸ்டல் கணக்கையும் சேர்த்துப் போடுகிறோம்.